லேப்ல பாத்ததை கிளாஸுக்குள்ள கொண்டு வரணும்னா, முடிவை மறைச்சு வைங்க

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. நீங்க 9, 10-வது வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கறீங்க, லீவுல ஒரு ரிசர்ச் லேப்ல சில வாரம் கூடவே இருந்து வேலை பாத்திருக்கீங்க, திரும்பி வந்ததும் ஆர்வமா போட்டோ வீடியோ எல்லாம் போட்டு காட்டியிருக்கீங்க, பசங்க கொஞ்ச நேரம் வாயைப் பொளந்து பாத்துட்டு கடைசியில "இது எக்ஸாமுக்கு வருமா"ன்னு கேட்டுட்டாங்க. அதனால, இந்த அனுபவத்தை பாடத்துக்குள்ள எப்படி கொண்டு வர்றது, இதுக்குன்னு தனியா ப்ராஜெக்ட் பீரியட் வேணுமா, இப்படி செஞ்சா பசங்களுக்கு நிஜமாவே பிரயோஜனம் உண்டுன்னு ஆதாரம் இருக்கான்னு மூணு கேள்வி போட்டிருக்கீங்க. மூணுக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்குன்னு எனக்கு தோணுது. லேப்ல உங்களை அப்படி இழுத்துப் பிடிச்ச விஷயம் ஸ்லைடுல ஏத்தினதும் ஏன் உயிரில்லாம போச்சு?

நான் பல வருஷம் பொருளையெல்லாம் இழுத்து, ஆட்டி, உடைச்சுப் பாக்கற டெஸ்டிங் லேப்ல இன்ஜினியரா இருந்துட்டு அப்புறம் காலேஜ்ல பாடம் எடுக்க வந்தவன், இப்ப ஸ்கூல் டீச்சர்களோடயும் சேர்ந்து பாடம் தயார் பண்றேன். அந்த ரெண்டு பக்கத்தையும் வச்சு சொல்றேன். லேப்ல உங்களை பிடிச்சு வச்சது அந்த பெரிய மெஷின் இல்ல, அங்க இருந்த யாருக்கும் பதில் தெரியாதுங்கறதுதான். காலையில வந்த ரீடிங் நேத்து வந்ததோட ஒத்துப்போகலைன்னா நாலு பேர் சுத்தி நின்னு சென்சார் லூஸா இருக்குமா, சாம்பிள் மாறிப்போச்சா, இல்ல நிஜமாவே புதுசா ஏதோ நடக்குதான்னு பேசியிருப்பாங்க, நீங்களும் அதுல ஒரு ஆளா நின்னிருப்பீங்க. ஆனா ஊருக்கு வந்து ஸ்லைடு போடறப்போ என்ன பண்றோம், ஆராய்ச்சி எதைப் பத்தி, என்ன கருவி, என்ன கண்டுபிடிச்சாங்கன்னு வரிசையா சொல்லிடறோம். அதாவது ஏற்கெனவே முடிஞ்சுபோன கதையா கொடுத்துடறோம். பசங்களுக்கு அதுல செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்ல, கேட்டுக்கறது மட்டும்தான் வேலை. முடிஞ்ச கதையை கேக்கறதுன்னா பாடப்புத்தகமும் அதைத்தானே தருது, அப்ப எக்ஸாமுக்கு வருமான்னு கேக்கறது நியாயமான கேள்விதான், அவங்க மேல கோவப்படாதீங்க.

அதனால என் பதில் இதுதான். லேபை கொண்டு வராதீங்க, லேப்ல முடிவெடுக்க வேண்டியிருந்த ஒரே ஒரு இடத்தை கொண்டு வாங்க. அந்த நேரத்துல அவங்க கையில என்ன டேட்டா இருந்துச்சோ அதை மட்டும் கொடுங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க, பசங்களை எழுத்துல ஒரு முடிவு எடுக்க வைங்க, அப்புறம்தான் நிஜத்துல என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. இதுக்கு லேபே தேவையில்லைங்கறதுதான் இதுல சௌகரியம். ஒரு நூலும் கல்லும் போதும்.

நூலும் கல்லும்னு சும்மா சொல்லலை, ஊசல் கதையை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சிம்பிள் பெண்டுலம் எல்லா சிலபஸ்லயும் இருக்கு. வழக்கமா எப்படி செய்யறோம்? நீளத்தை மாத்தி மாத்தி 20 ஆட்டம் எண்ணி, டேபிள் போட்டு, g (புவியீர்ப்பு முடுக்கம்) 9.8-க்கு பக்கத்துல வந்தா முடிஞ்சுது, வரலைன்னா பசங்களே ரீடிங்கை கொஞ்சம் தட்டி சரிபண்ணி 9.8 ஆக்கிடுவாங்க, நமக்கும் தெரியும், கண்டுக்கறதில்ல. இதையே இப்படி மாத்துங்க. நீளத்தை 1 மீட்டர்ல நிறுத்திடுங்க. கேள்வி ஒண்ணுதான்: 10 டிகிரில இருந்து விட்டாலும் 20 டிகிரில இருந்து விட்டாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரம் ஒண்ணா, வேறயா? புத்தகம் ஒண்ணுன்னுதான் சொல்லுது. முதல் ரவுண்டுல ஒரே ஒரு ஆட்டத்தை ஸ்டாப்வாட்ச்ல எடுக்க சொல்லுங்க. 2 செகண்டை ஒட்டி வரும், ஆனா ஒவ்வொருத்தர் கை அழுத்தறதுல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு செகண்ட் அங்கயும் இங்கயும் போகும், அதனால ரெண்டு கோணத்துக்கும் வித்தியாசமே தெரியாது. "பாத்தீங்களா, புத்தகம் சரி"ன்னு எல்லாரும் சொல்வாங்க. அங்க நீங்க ஒரே ஒரு கேள்வி போடணும். வித்தியாசம் இல்லைங்கறீங்களா, இல்ல உங்க அளவுல தெரியற அளவுக்கு வித்தியாசம் இல்லைங்கறீங்களா? இந்த ரெண்டும் வேற வேறன்னு ஒரு பையன் புரிஞ்சுக்கிட்டான்னா அவன் அன்னைக்கு ஒரு ரிசர்ச் ஆள் யோசிக்கற மாதிரி யோசிச்சுட்டான்.

அப்புறம் அளவை எப்படி இன்னும் துல்லியமாக்கறதுன்னு அவங்களையே சொல்ல விடுங்க. யாராவது ஒருத்தர் 20 ஆட்டம் சேர்த்து எண்ணி 20-ஆல வகுக்கலாம்னு சொல்வாங்க, ஏன்னா கை தடுமாற்றம் ஆரம்பத்துலயும் முடிவுலயும்தான், அது 20 ஆட்டத்துக்கும் பங்கு போயிடும். கணக்குப்படி 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் இடையில ஒரு ஆட்டத்துல வர்ற வித்தியாசம் 0.6 சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மி, 1 மீட்டர் ஊசலுக்கு சுமார் 0.012 செகண்ட். ஒரு ஆட்டத்துல இது தெரியவே தெரியாது, 20 ஆட்டம் எண்ணினா கால் செகண்டுக்கு பக்கத்துல வந்துடும், லேசா தலைகாட்டும், திரும்பத் திரும்ப எடுத்து சராசரி போட்டா நல்லாவே தெரியும். உடனே இன்னொரு பையன் அப்ப 100 ஆட்டம் எண்ணலாமேம்பான். எண்ணட்டும், விடுங்க. அங்கதான் அடுத்த சிக்கல், 100 ஆட்டத்துக்குள்ள ஆட்டம் தேய்ஞ்சு 20 டிகிரி 20-ஆ இருக்காது, அப்ப எதை அளந்தோம்னே சொல்ல முடியாது. குண்டை கனமாக்கலாமா, குறைவா எண்ணி நிறைய தடவை எடுக்கலாமான்னு சண்டை வரும் பாருங்க, அந்த சண்டைதான் நீங்க லேப்ல பாத்தது. புத்தகத்துல "சிறிய கோணங்களுக்கு"ன்னு ஒரு வார்த்தை இருக்கும், யாரும் கவனிக்காம தாண்டிப் போற வார்த்தை, அதோட அர்த்தம் அன்னைக்குத்தான் அவங்களுக்கு புரியும்.

இது என் சொந்த ஐடியா இல்ல. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப்ல இதை ஒட்டித்தான் செஞ்சாங்க, 2015-ல பேப்பரா வந்துச்சு. ரெண்டு அளவை ஒப்பிடு, ஒத்துப்போகலைன்னா ஏன்னு பாரு, ஒத்துப்போனாலும் அளவை மேம்படுத்தி மறுபடி பாருன்னு சுத்தி சுத்தி செய்ய வச்சாங்க. வழக்கமான லேப் செஞ்சவங்களை விட இவங்க தாங்களாவே செய்முறையை மேம்படுத்தணும்னு சொன்னது ஏறக்குறைய 12 மடங்கு அதிகம், அடுத்த வருஷம் வேற லேப்புக்கு போனப்பவும் அந்த பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது காலேஜ் பசங்க, அதை மறந்துடாதீங்க. 15 வயசு பசங்களுக்கும் அதே அளவுக்கு வரும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன், ஆனா அந்த ஒப்பிடு-மேம்படுத்து சுழற்சியை ஸ்கூல்ல நடத்த முடியும்ங்கறதை கண்ணால பாத்திருக்கேன்.

இன்ஜினியரிங் பக்கம் போனா எனக்கு ரொம்ப பிடிச்சது சேலஞ்சர் விண்கல விபத்து, 1986 ஜனவரி 28. பெரும்பாலும் இதை கிளாஸ்ல எப்படி சொல்றாங்கன்னா, ராக்கெட் பூஸ்டர்ல ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம், குளிர்ல விறைச்சுப் போச்சு, வெடிச்சுது, 7 பேர் இறந்தாங்க. கூடவே விசாரணை கமிஷன்ல இருந்த ஃபிசிக்ஸ் விஞ்ஞானி ஃபெய்ன்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணியில போட்டு காட்டின வீடியோ. வீடியோ அருமைதான், ஆனா அதுல பசங்க கத்துக்கறது என்னன்னா "அந்த இன்ஜினியர்ங்களுக்கு இது கூடவா தெரியலை"ங்கறது. நிஜம் அதுக்கு நேர்மாறு, முந்தின நாள் ராத்திரியே பூஸ்டரை செஞ்ச கம்பெனியோட இன்ஜினியர்ங்க குளிர்ல ஏவ வேண்டாம்னு சொன்னாங்க, ஆனா கையில இருந்த டேட்டாவை வச்சு நாசா அதிகாரிகளையும் தங்க மேலதிகாரிகளையும் நம்ப வைக்க முடியலை. ஏன் முடியலைங்கறதுலதான் பாடமே இருக்கு.

நான் இதை எப்படி செய்வேன்னா, ராக்கெட்னே சொல்ல மாட்டேன். ஒரு மெஷின், பல தடவை ஓடியிருக்கு, அதுல 7 தடவை சீல்ல சேதம் தெரிஞ்சிருக்கு, அந்த 7 தடவையும் வெப்பநிலை என்னன்னு ஒரு கிராஃப். நாளைக்கு இதுவரைக்கும் ஓடாத குளிர், ஓட்டலாமா வேண்டாமா, காரணத்தோட எழுது. மேனேஜ்மென்ட் காலேஜ்ல இதையே கார் ரேஸ் கதையா மாத்தி ரொம்ப காலமா நடத்தறாங்க, அதனால வேஷம் மாத்தறதுல தயங்காதீங்க, பேரை சொன்னீங்கன்னா பசங்களுக்கு முடிவு முன்னாடியே தெரிஞ்சு போயிடும், எல்லாரும் "ஓட்டக் கூடாது"ன்னு புத்திசாலியா எழுதிடுவாங்க. அந்த 7 புள்ளிகளை பாத்தா சேதம் 12 டிகிரி செல்சியஸ்லயும் இருக்கு, 24 டிகிரிலயும் இருக்கு, அப்ப வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் தோணும். நிறைய பேர் ஓட்டலாம்னு எழுதுவாங்க. கொஞ்சம் காத்திருங்க. யாராவது ஒரு பொண்ணோ பையனோ "மத்த தடவை என்ன ஆச்சு, சேதம் ஆகாத நாள்ல வெப்பநிலை என்ன"ன்னு கேக்கணும். கேட்டா மட்டும் அடுத்த தாளை கொடுங்க, கேக்கலைன்னா மணி அடிக்கற வரைக்கும் கொடுக்காதீங்க, மணி அடிக்க சில நிமிஷம் இருக்கறப்போ "உங்ககிட்ட இல்லாதது என்ன"ன்னு மட்டும் கேளுங்க. விசாரணை கமிஷன் ரிப்போர்ட்ல இருக்கற கணக்கு இது: ஓ-ரிங் வெப்பநிலை 66 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 19 டிகிரி செல்சியஸ், அதுவும் அதுக்கு மேலயும் 20 தடவை, அதுல 3 தடவைதான் சேதம். 63 ஃபாரன்ஹீட், சுமார் 17 டிகிரி, அதுவும் அதுக்கு கீழயும் 4 தடவை, நாலுலயும் சேதம். ஏவின அன்னைக்கு வெளியில 2 டிகிரிதான். சேதம் ஆகாத நாளையும் சேர்த்து போட்ட உடனே படம் மாறிடுது. ஒண்ணுமே நடக்காத நாளும் டேட்டாதான்ங்கறதை இதை விட அழுத்தமா சொல்ற வேற பாடம் எனக்கு தெரியாது.

இது எந்த விபத்துன்னு கடைசியில சொல்றப்போ குரலை மாத்தி சொல்லுங்க. பசங்க அப்பவரைக்கும் விளையாட்டா விவாதம் பண்ணியிருப்பாங்க, அந்த 7 பேர்ல ஒருத்தர் கிரிஸ்டா மெக்காலிஃப்னு ஒரு ஸ்கூல் டீச்சர், விண்வெளியில இருந்து பாடம் எடுக்கறதா இருந்தவங்க. "ஓட்டலாம்"னு எழுதின பசங்க முகம் வாடும், அவங்களை குத்திக் காட்டாதீங்க, அதே தாளை பாத்து பெரியவங்களும் அப்படித்தான் முடிவு பண்ணாங்கன்னு சொல்லுங்க. ஒரு எச்சரிக்கையும் உண்டு. அன்னைக்கு ராத்திரி நடந்தது கிராஃப் பிரச்சனை மட்டும் இல்ல, நேர நெருக்கடி, யார் யாருக்கு மேலதிகாரி, "ஆபத்துன்னு நிரூபி"ங்கறதா "ஆபத்து இல்லைன்னு நிரூபி"ங்கறதா, எல்லாம் கலந்திருந்துச்சு. ஒரு கிராஃப் சரியா போட்டிருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்லிடாதீங்க, அது நமக்கு தெரியாது.

உண்மை சம்பவத்தை பாடத்துக்கு இழுக்கறப்போ இந்த ஆபத்து எப்பவும் இருக்கு, சௌகரியத்துக்காக கதையை இறுக்கி சொல்லி தப்பாக்கிடறது. அமெரிக்காவுல டகோமா நேரோஸ் பாலம் 1940 நவம்பர்ல காத்துல ஆடி விழுந்ததை ரெசொனன்ஸுக்கு உதாரணமா எத்தனை புத்தகத்துல போட்டிருக்காங்க! ஊஞ்சலை சரியான தாளத்துல தள்ற மாதிரி காத்து தள்ளுச்சுன்னு. ஆனா அது அந்த வகை இல்ல, பாலம் முறுக்கிக்கறதே காத்தோட விசையை மாத்தி அந்த முறுக்கலை இன்னும் வளர்த்துச்சு, ஃப்ளட்டர்னு சொல்வாங்க, இதை 1991-லயே ஃபிசிக்ஸ் டீச்சர்கள் படிக்கற ஒரு ஜர்னல்ல விளக்கமா எழுதிட்டாங்க. வீடியோவை போடுங்க, தாராளமா, ஆனா கேள்வியை மாத்திக்கோங்க. காத்து ஒரே சீரா அடிச்சப்போ பாலத்துக்கு சரியான தாளம் எங்க இருந்து வந்துச்சு? புத்தகத்துல இருக்கறதை கேள்வி கேக்கலாம்னு பசங்களுக்கு அனுமதி கொடுக்கற நல்ல இடம் அது.

பாலம்னதும் ஞாபகம் வருது, இந்த ஸ்பகெட்டி பாலம், பேப்பர் பாலம் போட்டி எல்லா ஸ்கூல்லயும் நடக்குது. யார் பாலம் அதிக எடை தாங்குதோ அவங்களுக்கு பரிசு. இன்ஜினியரா சொல்றேன், எங்க வேலை அப்படி இல்ல. அதிக எடை தாங்கறது பெருமை இல்ல, எவ்வளவு தாங்கும்னு உடையறதுக்கு முன்னாடியே சொல்றதுதான் வேலை. அதனால விதியை மட்டும் மாத்துங்க: ஒவ்வொரு குழுவும் உடையப் போற எடையை முன்னாடியே எழுதி ஒட்டணும், உண்மைக்கு ரொம்ப பக்கத்துல சொன்னவங்களுக்கு பரிசு. இது ஒண்ணை மாத்தினதும் பசங்க நடந்துக்கறதே மாறிடும், ராத்திரி முழுக்க பசை தடவறதை விட்டுட்டு சின்ன சின்ன துண்டை உடைச்சுப் பாக்க ஆரம்பிப்பாங்க, ஏன்னா சோதிக்காம கணிக்க முடியாதுல்ல. ஸ்பகெட்டி குச்சியை நிக்க வச்சு மேல இருந்து அழுத்தி, எந்த எடையில வளையுதுன்னு ஒரு தராசு மேல வச்சு பாக்கலாம். நீளத்தை பாதியாக்கினா தாங்கற எடை ரெண்டு மடங்கு ஆகும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, நாலு மடங்கை ஒட்டி வரும், கணித மேதை ஆய்லர் சொன்ன விதி அது. எல்லா குச்சியும் சரியா நாலு மடங்கு வராது, ஒண்ணு மூணு, ஒண்ணு அஞ்சுன்னு சிதறும், பிடிக்கற விதம், குச்சில லேசான வளைவு எல்லாம் சேரும். அந்த சிதறலை பாத்துட்டு "அப்ப பாலத்துக்கு எந்த எண்ணை நம்பறது"ன்னு கேட்டாங்கன்னா, சேஃப்டி ஃபேக்டர்னு ஒண்ணு, அதாவது தேவைக்கு மேல கூடுதலா தாங்கற மாதிரி வடிவமைக்கறது, ஏன் இருக்குன்னு நீங்க விளக்கவே தேவையில்ல.

சிலபஸ் பத்தின பயத்துக்கு வரேன். தனி ப்ராஜெக்ட் பீரியட் வேண்டாம், கேட்டாலும் கிடைக்காது, கிடைச்சாலும் எக்ஸாம் நேரத்துல முதல்ல பறிபோறது அதுதான். ஏற்கெனவே இருக்கற பரிசோதனையோட கடைசி படியை மட்டும் திறந்து விடுங்க. ஓம் விதி எடுக்கறீங்களா, 100 ஓம் ரெசிஸ்டர் ஒரு பொட்டலம் வாங்கி ஆளுக்கு ஒண்ணு கொடுத்து மல்டிமீட்டர்ல அளக்க சொல்லி போர்டுல ஒவ்வொருத்தர் எண்ணையும் புள்ளியா வைங்க. தங்க நிற பட்டை இருந்தா 5 சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம்னு அர்த்தம், 95-ல இருந்து 105 வரைக்கும் எல்லாமே "100". ஒரே பேட்ச்ல வந்ததா இருந்தா புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கமா குவிஞ்சு நிக்கவும் வாய்ப்பு இருக்கு. நடுவுல இல்லாம ஏன் ஓரமா நிக்குது, தப்பு ரெசிஸ்டர்லயா மீட்டர்லயா, எப்படி கண்டுபிடிப்பீங்க? அரை மணி நேர வேலைதான், பாடத்துக்கு வெளியில ஒண்ணுமே இல்ல.

ஒளியோட வேகம் எடுக்கறப்போ 2011 நியூட்ரினோ கதை இருக்கு, நியூட்ரினோன்னா எதையும் ஊடுருவிப் போற ரொம்ப சின்ன துகள். சுவிட்சர்லாந்து எல்லையில இருக்கற செர்ன்ங்கற துகள் ஆராய்ச்சி மையத்துல இருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலிக்கு அனுப்பின நியூட்ரினோ ஒளியை விட 60 நானோசெகண்ட் முன்னாடி வந்துட்டதா ஒரு குழு அறிவிச்சுது. 60 நானோசெகண்டுல ஒளி எவ்வளவு தூரம் போகும்னு பசங்க கணக்கு போடட்டும், 18 மீட்டர் வரும். நீங்க அந்த குழுவுல இருந்தா எதை எதை முதல்ல சோதிப்பீங்கன்னு ஒரு பட்டியல் எழுத சொல்லுங்க, தூரம், கடிகாரம், கேபிள்னு வரும். அடுத்த வருஷம் தெரிஞ்சது, ஒரு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் சரியா சொருகாம இருந்திருக்கு. பசங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஆனா நம்ப முடியாத முடிவு வந்தப்போ அவங்க மறைக்கலை, நாங்க தேடிட்டோம் எங்களுக்கு தப்பு தெரியலை நீங்களும் பாருங்கன்னு எல்லார் முன்னாடியும் வச்சாங்கங்கறதையும் சேர்த்து சொல்லிடுங்க.

இப்ப எதிர்ப்பக்கம். இதையெல்லாம் படிச்சுட்டு "சரி, பசங்களை சும்மா விட்டுட்டா அவங்களே கண்டுபிடிப்பாங்க"ன்னு யாராவது நினைச்சா, அது கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான். புதுசா கத்துக்கறவங்களுக்கு வழிகாட்டல் இல்லாத கண்டுபிடிப்பு முறை வேலைக்கு ஆகறதில்லைன்னு கல்வி ஆராய்ச்சியில நல்ல வலுவான வாதம் இருக்கு, காரணமும் எளிசு, ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வைக்க முடியற விஷயம் கொஞ்சம்தான், ஸ்டாப்வாட்ச் எப்படி அழுத்தறதுன்னே தடுமாறறவனுக்கு பிழையைப் பத்தி யோசிக்க இடம் மிச்சம் இருக்காது. அதனால கருவி, செய்முறை, கணக்கு இதெல்லாம் நேரடியா சொல்லிக் கொடுத்துடுங்க, ஒளிச்சு விளையாடாதீங்க. திறந்து விடறது ஒரே ஒரு முடிவை மட்டும். பாடத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல போகாதீங்க.

இன்னொண்ணு, ரிசர்ச் சூழல்ல இருந்தாலே ரிசர்ச் எப்படி நடக்குதுன்னு புரிஞ்சிடும்ங்கறது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். 2003-ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, நல்லா படிக்கற ஹைஸ்கூல் பசங்களை 8 வாரம் விஞ்ஞானிகளோட லேப்ல விட்டு முன்னாடியும் பின்னாடியும் பேட்டி எடுத்தாங்க. செய்முறை திறமை வந்திருக்கு, ஆனா அறிவியல்னா என்ன, அதுல முடிவு எப்படி வருதுங்கற புரிதல் கிட்டத்தட்ட யாருக்கும் மாறலை. மாறினது, நடந்ததை திரும்ப திரும்ப யோசிச்சுப் பாத்த ஒருத்தருக்கு. அதனால ஊசல் சண்டை முடிஞ்சதும் 10 நிமிஷம் ஒதுக்கி "இப்ப நாம என்ன செஞ்சோம், எந்த இடத்துல மனசு மாறிச்சு, ஏன்"னு எழுத வைங்க. நேரம் போதலைன்னா ஊசல்ல ஒரு ரவுண்டை குறைச்சுக்கோங்க, இந்த 10 நிமிஷத்துல கை வைக்காதீங்க.

மார்க் விஷயம். இதுக்கு நேரடியா பொருந்தற ஆய்வு ஒண்ணு இருக்கு. நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டி, ஸ்கூல் சயின்ஸ் டீச்சர்களை கோடை லீவுல லேப்ல சேர்த்து வேலை பாக்க வச்சாங்க, அவங்ககிட்ட படிச்ச பசங்க மாநில சயின்ஸ் எக்ஸாம்ல எப்படி செஞ்சாங்கன்னு பாத்து 2009-ல வெளியிட்டாங்க. சேரறதுக்கு முன்னாடி மத்த டீச்சர் பசங்களோட பாஸ் விகிதமும் இவங்களோடதும் ஒண்ணுதான், மூணாவது நாலாவது வருஷத்துல இவங்க பசங்க சுமார் 10 சதவீதம் மேல. கேக்க நல்லா இருக்கு, ஆனா நிதானமா படிங்க. தானா விரும்பி சேர்ந்த டீச்சர்கள், அதனால ஆர்வம் எவ்வளவு, லேப் எவ்வளவுன்னு பிரிக்க முடியாது, இது தற்செயல் இல்லைன்னு சொல்ற புள்ளியியல் எல்லைக்கோட்டையும் அந்த முடிவு மயிரிழையிலதான் தாண்டியிருக்கு. எனக்கு அதுல ஆறுதலா பட்டது வேற, பலன் முதல் வருஷத்துல வரலை. உங்க ஸ்லைடு எடுபடலைன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. என் சொந்த அனுபவத்துல மார்க் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது, நான் அதை கணக்கெடுத்ததில்ல. சின்ன கிளாஸ் பசங்களோட எனக்கு பழக்கமும் இல்ல, 12 வயசுக்கு கீழ இதெல்லாம் எப்படி வேலை செய்யும்னு அங்க எடுக்கறவங்கதான் சொல்லணும்.

நடைமுறையில ரெண்டு விஷயம். நீங்க இருந்த லேப்ல இருந்து டேட்டாவோ கிராஃபோ கிளாஸுக்கு கொண்டு வர்றதுக்கு முன்னாடி அந்த லேப் தலைவர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க, இன்னும் பேப்பரா வராத டேட்டா அவங்களுக்கு உயிர், போட்டோல வெள்ளை போர்டு தெரிஞ்சா கூட பிரச்சனை ஆகலாம். பெரும்பாலும் பழைய, வீணாப்போன ரீடிங்கை சந்தோஷமா கொடுப்பாங்க, நமக்கு வேண்டியதும் அதுதான். கிடைக்கலைன்னா பொதுவுல இருக்கறது போதும், ஹவாய்ல மவுனா லோவா மலையில 1958-ல இருந்து எடுக்கற கார்பன் டை ஆக்சைடு அளவு முழுசா இலவசமா கிடைக்குது, அதுல 1964-ல சில மாசம் காணோம், நிதியை குறைச்சதால அளவே எடுக்கலை, அந்த ஓட்டையை எப்படி நிரப்புவீங்க, நிரப்பலாமான்னு கேட்டாலே ஒரு பீரியட் ஓடிடும். அடுத்தது, அந்த லேப்ல இருந்து யாரையாவது பேச கூப்பிட்டா அவங்களும் ஸ்லைடோடதான் வருவாங்க. முன்னாடியே சொல்லிடுங்க, வேலை செய்யாம போன ஒரு பொருளும் தலைப்பு இல்லாத ஒரு கிராஃபும் மட்டும் எடுத்துட்டு வாங்க, முதல் 20 நிமிஷம் பசங்க கேள்வி கேப்பாங்க நீங்க ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்கன்னு. ரிசர்ச் ஸ்காலர்ங்க இதை ரொம்ப ரசிச்சு செய்வாங்க, ப்ரொஃபசர்ங்களுக்குத்தான் கஷ்டம், அவங்களால பதிலை வாய்க்குள்ள வச்சுக்க முடியாது.

நீங்க எந்த மாதிரி லேப்ல இருந்தீங்க, இந்த டெர்ம்ல என்னென்ன பாடம் மிச்சம் இருக்குன்னு கேள்வியில எழுதலை. அங்க இருந்தப்போ எல்லாரும் சுத்தி நின்னு குழம்பின ஒரு நாளை மட்டும் ஞாபகப்படுத்தி இங்க கீழ எழுதுங்க, அது எந்த பாடத்துல போய் உக்காரும்னு சேர்ந்து பாக்கலாம்.